இழுத்துப் பார்க்கிற ராத்தா

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யாராவது புதிதாக ஒரு பொருள் வாங்கினால், அதை முதலில் ராத்தாவிடம் காட்டக் கூடாது என்று ஒரு பேச்சு இருந்தது. காட்டினால் இழுத்துப் பார்த்துவிடுவார். சட்டை என்றால் பொத்தானை, பாய் என்றால் ஓரத்தை, குடை என்றால் கம்பியை. பிய்ந்து வந்தால், "இப்ப பிஞ்சது நல்லம். நாளைக்கு றோட்டுல வெச்சுப் பிஞ்சிரிந்தா?" என்பார். பிய்யாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது நல்ல பொருள். ராத்தாவிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டும் கிடைக்காது, யாருக்கும் கிடைத்ததில்லை.

கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு வளவுக்கும் அவருடைய வளவுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. வயதுக்கு நான் அவரைச் சின்னம்மா முறையில் சாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் ஒழுங்கையில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். அக்காவை நாங்கள் ராத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கண்டாயம் உண்டு. அதை அடைக்க வேண்டும் என்று என் உம்மா வருஷா வருஷம் சொல்வார். அடைத்தால் ராத்தா கிடுகையும் இழுத்துப் பார்ப்பார் என்று வாப்பா சிரிப்பார்.

என் கலியாணத்தன்று பொண்ணு பார்க்க வந்த ராத்தா, என் கழுத்துச் சங்கிலியை மெல்ல இழுத்தார். கொக்கி கழன்று சங்கிலி அவர் கையோடு வந்துவிட்டது. சபையில் இருந்த பெண்கள் எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். உம்மாவுக்கு வந்த கோபம் லேசில் அடங்கவில்லை, பல நாட்கள் அவருடன் கதைக்கவே இல்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டார் செய்வித்துக் கொடுத்த சங்கிலி அது. அதைப் பற்றி எங்களால் கேட்க முடியாததை அவர் கைகள் கேட்டுவிட்டன.

அவருடைய மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளையையே இழுத்துப் பார்த்தார். சாய்ந்தமருதுப் பையன், பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ராத்தாவும் அப்படியே வீட்டை மகளுக்கு எழுதிவிட்டுத் தான் சமைக்கிற குசினிப் பக்கத்து அறைக்குள் ஒதுங்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாசலில் ஏற்றும்போது ஒரு இழுப்பு. மனுஷன் படியில் தடுக்கி விழப் பார்த்தார், ஆனால் பிடித்த கையை விடவில்லை. ராத்தா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். "மாமிக்கு மாப்பிள்ளையப் புடிச்சிட்டு" என்று நாங்கள் அப்போதே தெரிந்துகொண்டோம்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்பதில் ஒழுங்கைக்குள் இரண்டு கட்சி. ஒரு மாரியில் வந்த பெரிய சூறாவளிக்குப் பிறகுதான் என்று சிலர். அவர் பிறந்ததே அப்படித்தான், தொட்டில் கயிற்றையே இழுத்திருப்பார் என்று என் உம்மா. இரண்டிலும் உண்மை இருக்கும். சூறாவளியில் எங்கள் எல்லோருடைய வீட்டிலும் ஏதோ ஒன்று போனது. ராத்தா வீட்டில் கூரை முழுவதும் போனது. கூரையைத் தாங்கும் கைமரத்தில் கயிற்றைக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாராம். வாப்பா இல்லாத பிள்ளையோடு தனியாக இருந்த வீடு. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கூரை எழும்பி, கயிறும் கையை உரித்துக்கொண்டு போய்விட்டது. கூரை ஆடத் தொடங்கியதுமே ஒரு கைமரம் முறிந்து குறுக்கே விழுந்து, மகள் அதற்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டாள். காயம் பெரிதாக இல்லை. விடிந்த பிறகுதான் ஆட்கள் வந்து மரத்தைத் தூக்கி அவளை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குக் காற்று என்றால் ஆகாது. தென்னோலை கொஞ்சம் பலமாக அசைந்தால் போதும், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவிடுவாள். மழையோ இடியோ, கூரைக்குக் கீழே நிற்க மாட்டாள். புதிதாகக் கூரை போட்டார்கள், நல்ல ஆணியாக அடித்தார்கள், அப்படியும் ஓடினாள். கலியாணம் முடித்த பிறகும் ஓடினாள். வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போய், விரித்துப் பிடித்தபடி அவளோடு முற்றத்தில் நிற்பார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. நான் சிரித்ததில்லை.

பிறகு அவள் பிள்ளைத்தாச்சியானாள். மாதத்தைக் கணக்குப் பார்த்தால் பேறு வருவது சரியாக மாரி நடுவில். வயிற்றைத் தூக்கிக்கொண்டு சேற்று முற்றத்தில் ஓடி, வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ராத்தா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டே திரிந்தார்.

"ஆணிய நம்பேலா புள்ள" என்றார் என்னிடம், வேலிக் கண்டாயத்தில் நின்று. "ஆணி கழரக்குள்ள நான் பாத்துக்கிட்டு நிண்டவள். எல்லாக் கைமரத்தையும் குறுக்கு வளையோட சேத்து போல்ட்டுப் போட்டு நட்டு இறுக்கோணும். அப்பதான் இவள் உள்ள நிப்பாள்."

காரைதீவிலிருந்து வரும் ஓடாவியைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் பக்கத்து வீடுகளின் தச்சு வேலை முழுவதும் அவர்தான். அவர் ஏணியில் ஏறி மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது முழுக்கப் பாலை மரம், இரும்பு மாதிரி. கைத்துறப்பணத்தால அண்ணாந்து நிண்டு இதில ஓட்டை போட்டா, மாரி முடியிற நேரம் நான் ஆசுபத்திரியில கிடப்பன். கரண்டில வேலை செய்யிற டிரில் ஒண்டு இருந்தாச் சொல்லுங்க, செஞ்சு தாறன்."

அப்படித்தான் அந்தச் சொல் ராத்தாவின் வாயில் வந்து விழுந்தது.

என் கணவர் அந்த நாளில் சவூதியில் ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோரில் இருந்தார். கடிதத்தைவிடப் பேசிப் பதிந்து அனுப்பும் கசெட்தான் எங்களுக்கு வசதி. நான் கதைத்து முடித்த பின் மிச்சமிருந்த நாடாவில் ராத்தா கதைத்தார். துறப்பணம் என்று சொன்னால் சவூதியில் யாருக்கு விளங்கும் என்று, ஓடாவி சொன்ன புதுச் சொல்லையே எடுத்துக்கொண்டார்.

"தம்பி, சுகமா இரிக்கீங்களா? எனக்கு ஒரு நல்ல டிரில் வேணும். வடிவு தேவல்ல. தடிப்பா, நல்லா ஒழைக்கக்கூடியதா இரிக்கோணும். கடையிலயே இழுத்துப் பாத்து வாங்குங்க."

லீவில் வந்த நிந்தவூர் ஆள் ஒருவர் பார்சலைக் கொண்டுவந்து தந்தார். ராத்தா ஓடாவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் துணி. பெரிய வகுப்புப் பையன்களின் நீளக் காற்சட்டை தைப்பார்களே, அந்த வெள்ளை டிரில் துணி, ஒரு கட்டு. பக்கத்தில் மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த மனுஷனுக்கு டிரில் என்றால் வேறு என்ன ஞாபகம் வரும்? அதிலும் இழுத்துப் பார்த்து வாங்கச் சொன்னால்? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. சுற்றிவர மெசினை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர், துணிக்கடை தேடிப் போயிருக்கிறார்.

ராத்தா துணியின் ஒரு மூலையை வலது கையிலும் மறு மூலையை இடது கையிலும் பிடித்து நாலு தரம் வெட்டி இழுத்தார். துணி அசையவில்லை.

"ஒன்ட மாப்பிள்ள சொன்ன சொல்லுக் கேட்டு நல்லா இழுத்துத்தான் பாத்திரிக்கார்" என்றார். ஓடாவி சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்.

அந்தத் துணியில் ராத்தா ஒழுங்கைப் பையன்கள் எல்லோருக்கும் காற்சட்டை தைத்துக் கொடுத்தார். வாத்தியாருக்கும் ஒன்று. அது வெகுகாலம் உழைத்தது. ஆனால் மாரி காத்திருக்குமா? இன்னொரு கசெட் போய், இன்னோர் ஆள் லீவில் வருவதற்குள் மழை பிடித்துவிடும். சவளக்கடைப் பக்கத்து வயல் குத்தகைக் காசு கைக்கு வந்த கையோடு, "புள்ள, வெளிக்கிடு, பசாருக்குப் போவம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தோளில் ஒரு துணிப் பை. அதில் ஏதோ பாரமாகக் கிடந்தது.

கல்முனை பசாரில் இரும்புக் கடைக்குள் பெண்கள் போவது குறைவு. முதலாளி எங்களைப் பார்த்ததும் விளக்குமாறு வாங்க வந்தவர்கள் என்று நினைத்து அந்த மூலையைக் கைகாட்டினார்.

"கரண்ட் துறப்பணம் காட்டுங்க" என்றார் ராத்தா. இந்த முறை டிரில் என்ற சொல்லை அவர் நம்பவில்லை.

முதலாளி மூன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று சிவப்பு, பளபளவென்று, கையில் எடுத்தால் பாரமே தெரியாது. ஒன்று பெரியது, உலக்கை மாதிரி. ஒன்று சாம்பல் நிறம், பெட்டி நசுங்கி, பார்வைக்கு ஒன்றுமில்லாதது. சிவப்பைத்தான் எல்லோரும் கொண்டுபோகிறார்கள் என்றார் முதலாளி. ராத்தா சிவப்பைக் கையில் எடுத்தார். பிடியின் அடியில் வயர் நுழையும் இடத்தைப் பார்த்தார். எனக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துவிட்டது. "ராத்தா, வேணாம்" என்று சொல்வதற்குள் ஒரு இழுப்பு. வயர் ஒரு விரல் நீளம் வெளியே வந்துவிட்டது.

முதலாளியின் முகம் கறுத்தது. "ராத்தா, இது சாமான். ஆட்டுக் கயிறு இல்ல."

"வயர்ல புடிச்சுத் தூக்காத ஆம்புள எந்த ஊட்டிலயாவது இரிக்கானா, சொல்லுங்க. நான் இப்ப இழுத்தன். அவன் ஏணியில நிண்டு இழுப்பான். கரண்ட் அடிச்சா ஆரு பதில் சொல்ற?"

முதலாளி வயரை உள்ளே தள்ளிப் பார்த்தார். சிவப்பை உள்ளே எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு அவரும் கொஞ்சம் ஆர்வமாகத்தான் நின்றார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பெரியது. வயர் அசையவில்லை. ராத்தா அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார், மாங்காய்க்குக் கை நீட்டுகிறவர் போல. வேலை முகட்டில் அல்லவா. பாரம் கையை இழுக்கத் தொடங்கியதும் என்னிடம் தந்தார். நானும் உயர்த்திப் பிடித்தேன், கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்க்க. எனக்குத் தோள் விட்டுப் போயிற்று. "கெட்டி சாமான்தான். ஆனா அண்ணாந்து நிக்கிற ஆளுக்குச் சரிவராது. நிலத்துல வெச்சு வேலை செய்யிறவனுக்குக் குடுங்க" என்று அதையும் ஒதுக்கினார்.

சாம்பல் நிறத்தை உயர்த்தினார், பிடித்தார், இறக்கினார். வயரை இழுத்தார். துளை போடுகிற பிட்டை மாட்டும் வாயைத் திறப்பால், அதன் சாவியால், இறுக்கச் சொல்லிவிட்டு பிட்டை இழுத்தார், திருகினார். வழுக்கவில்லை. பிறகு கேள்விகள். உள்ளே மோட்டாரோடு உரசும் கரித்துண்டு தேய்ந்தால் மாற்றுக் கரி கல்முனையிலேயே கிடைக்குமா, கொழும்புக்குப் போக வேண்டுமா? கிடைக்கும். மெசினைக் கழற்றாமல் வெளியிலிருந்தே கரியை மாற்றலாமா? மாற்றலாம். முதலாளி அலுத்துப்போய்க் கேட்டார்.

"ராத்தா, நீங்க மெசின் பாக்கிறயளா, மாப்பிள்ள பாக்கிறயளா?"

"மாப்பிள்ள ஒரு ஊட்டுக்குச் சரியா இரிந்தாப் போதும் காக்கா. இது ஒழுங்கை முழுக்க இரவல் போகப்போற சாமான். குடுக்க மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வராது. தெரிஞ்சவன் கையிலயும் போகும், தெரியாதவன் கையிலயும் போகும். எல்லார்ட கையிலயும் ஒழைக்கிறதாப் பாத்துத்தானே நான் எடுக்கோணும்."

அப்போதுதான் பையைத் திறந்தார். உள்ளே பழைய சீலைத் துண்டில் சுற்றிய ஒரு மரத்துண்டு. பாலை மரம், ஒரு பக்கம் அறுத்தது, மறுபக்கம் முறிந்து நார்நாராக இருந்தது. மகளின் மேல் விழுந்த கைமரத்தில் அறுத்த துண்டு என்று எனக்குத் தெரியும். சூறாவளிக்குப் பிறகு எல்லோரும் முறிந்த மரத்தை விறகுக்கு எரித்தபோது அவர் மட்டும் அதைக் குசினி மூலையில் வைத்திருந்தார். இவ்வளவு காலமும் அது எதற்கு என்று நான் கேட்டதில்லை.

"இதுல போட்டுக் காட்டுங்க" என்றார்.

முதலாளி மேசை விளிம்பில் மரத்தை வைத்துப் பிடித்து சாம்பல் மெசினை ஓட்டினார். சத்தம் கனத்தது, ஆனால் நிற்கவில்லை. மெல்ல மெல்ல மாவு போல மெல்லிய சிவந்த தூள் சொரிந்தது. மறுபக்கம் பிட்டின் முனை வெளியே வந்தது. ராத்தா மெசினை வாங்கி அதன் முதுகைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சுடவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். கருகல் மணம் இல்லை. பிறகு மரத்துண்டை எடுத்து அந்தத் துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. மெசினைப் பெட்டிக்குள் வைத்தார். கடையை விட்டு இறங்க முன் ஒரு சணல் கயிறு கேட்டு வாங்கி, பிட் இறுக்குகிற திறப்பை வயரோடு சேர்த்துக் கட்டினார். "இரவல் போனா முதல்ல துலையிறது இதுதான்" என்றார்.

ஓடாவி வந்தார், மெசின் ஓடியது, போல்ட்டுகள் ஏறின. வாத்தியார் சவூதி டிரில் துணிக் காற்சட்டையோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதில் காற்சட்டை முழுவதும் மரத்தூள். மகள் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் ராத்தா நடு வீட்டுக் கைமரத்தின் மேலாக ஒரு தடித்த கயிற்றை எறிந்து முடிச்சுப் போட்டார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கித் தொங்கினார்.

"அக்கா, முறியிறது மரம் இல்ல, உங்கட கைதான்" என்று ஓடாவி கத்தினார்.

என்னையும் தொங்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரியையும் தொங்கச் சொன்னார். எல்லோரும் தொங்கி முடிந்த பின் கயிற்று நுனியை மகளிடம் நீட்டினார்.

"நீ தொங்க வேணாம். சும்மா இழுத்துப் பாரு மகள்."

அவள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். ராத்தா வற்புறுத்தவில்லை. "கெடக்கட்டும்" என்று கயிற்றை அப்படியே தொங்கவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோர் முகத்திலும் அது இடித்தது.

மெசின் மறுநாளே இரவல் போகத் தொடங்கியது. அதற்குப் பிறகு அது ராத்தா வீட்டில் கிடந்ததைவிட மற்ற வீடுகளில் கிடந்ததுதான் அதிகம். ஒழுங்கையில் ஒவ்வொரு கூரையாக ஆணி போய் போல்ட் ஏறியது. சொறிக்கல்முனையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து கொண்டுபோனார். திரும்பக் கொண்டுவந்து தருகிறவர்கள் நன்றி சொல்வதற்கு முன் ராத்தாவின் விரல் வயரைத் தேடிப் போகும். திறப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆளின் முகத்தைப் பார்ப்பார்.

மாரி பிடித்தது. மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. ஒரு பின்னேரம், பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில், கடல் பக்கமிருந்து காற்று எழும்பியது. சும்மா காற்றல்ல, தென்னைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. மழை பக்கவாட்டில் அடித்தது. வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளை இந்நேரம் முற்றத்துக்கு ஓடியிருக்கும், பிடிக்க ஆள் இல்லை. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வேலிக் கண்டாயத்தால் ஓடினேன்.

நினைத்தது போலவே முற்றத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உடுப்புக் காயப்போடுகிற கொடிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, முழுக்க நனைந்து, கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு. கிட்டப் போன பிறகுதான் கண்டேன். அது மகள் இல்லை, ராத்தா.

"ராத்தா, வாங்க உள்ளுக்குப் போவம்."

"நீ போ புள்ள. நான் வாறன்."

அவர் வரவில்லை. கொடியைப் பிடித்த கைகள் வெளுத்துப்போயிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சூறாவளியில் மகள் மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள், அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆணி ஆணியாகக் கூரை கழன்று எழும்பியதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் ராத்தா. மகளின் பயம், மகளின் பயம் என்று இத்தனை காலமும் நாங்கள் எல்லோரும் சொன்னோம், அவரும் அதையேதான் சொன்னார். அவருடைய பயத்தை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலில் மகள் நின்றாள். ஒரு கை வயிற்றில். மறு கையில் நடு வீட்டுக் கயிற்றின் நுனி, அவ்வளவு தூரம் இழுபட்டு வந்திருந்தது.

"உம்மா, உள்ள வாங்க."

"நீ வெளிய வராத மகள், வழுக்கும்."

"நான் வரல்ல. நீங்கதான் வெளிய நிக்கிறீங்க."

கயிற்றை விட்டாள். ஒரே ஒரு படி இறங்கி, எட்டி, உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கொடியில் இருந்த கைகள் கழன்று வந்தன.

"வாங்க உம்மா. நான் நல்லா இழுத்துப் பாத்திட்டன். ஒண்டும் கழராது."

உள்ளே போனோம். மகள் தன் முந்தானையால் உம்மாவின் தலையைத் துவட்டினாள். மேலே காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது, மரங்கள் முனகின, ஒன்றும் அசையவில்லை. ராத்தா மகளை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பாயில் உட்கார்ந்தார்.